பிறர்பொருட்டு ஓர் அளவை

அளத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த ‘அளவை’ என்ற சொல் தமிழில் இரு வேறு உலகங்களில் வழங்கி வருகிறது. நெல்லை முகந்து கொட்டும் மரக்காலும் நாழியும் அளவை எனப்பட்டன. ஒரு பொருளை உள்ளவாறு அறிவதற்கு மெய்யியலார் வகுத்த வழிகளும் அளவை என்றே பெயர் பெற்றன. வடமொழியில் இதற்கு நேரான ‘பிரமாணம்’ என்ற சொல்லும் அளத்தலைக் குறிக்கும் ‘மா’ என்னும் வேரடியாகப் பிறந்ததே. ஆகவே, ஒரு பட்டறைக்கு எந்த அளவுகருவியை வாங்குவது என்ற கேள்வி மேலோட்டமாகப் பார்க்கையில் வெறும் கொள்முதல் கணக்காகத் தோன்றினாலும், எதை அறிவென்று ஏற்பது, எவ்வளவு அறிந்தபின் செயலில் இறங்குவது, அறிந்தவர் தாம் அறிந்ததை யாருக்கு நிறுவிக் காட்டக் கடமைப்பட்டவர் என்ற மூன்று பழைய வினாக்களும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. திருப்பூர் வட்டாரத்தில் டிராக்டரின் ஹைட்ராலிக் அமைப்பைக் குறைந்த செலவில் சோதிக்கும் கருவிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்மூன்று வினாக்களையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தூக்காத கை

பின்னலாடையால் உலகச் சந்தையில் அறியப்பட்ட திருப்பூர், 2009-ஆம் ஆண்டில் தனி மாவட்டமானபோது, உடுமலைப்பேட்டையின் தென்னந்தோப்புகளையும், தாராபுரம் பக்கத்து அமராவதிப் பாசன வயல்களையும், பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலின் முறைத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் பல்லடத்து நிலங்களையும், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் வளரும் காங்கேயத்துக் கொறங்காடுகளையும் தன் எல்லைக்குள் பெற்றது. பனியன் கம்பெனியின் சனிக்கிழமைச் சம்பளம் காட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதை அரிதாக்கிவிட்ட இப்பகுதியில், உழவும் மண்ணடித்தலும் தேங்காய் மட்டை ஏற்றுதலும் பெரும்பாலும் டிராக்டரையே நம்பியிருக்கின்றன. மழை பெய்து ஈரம் நிற்கும் மூன்று நான்கு நாளில் உழுதாக வேண்டிய மானாவாரி நிலத்துக்காரருக்கு, கலப்பையைத் தூக்காத டிராக்டர் என்பது ஒரு பருவத்தின் விளைச்சலையே ஐயத்துக்கு உள்ளாக்கும் பழுதாகும்.

டிராக்டரின் பின்புறத்தில் கலப்பையை ஏற்றி இறக்கும் மூன்று முனை இணைப்பும், அதனை இயக்கும் எண்ணெய் அழுத்த ஏற்பாடும், அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் 1920-களில் உருவாக்கி, 1939-இல் ஃபோர்டு நிறுவனத்தின் 9என் டிராக்டர் வழியாகப் பரவலாக்கிய அமைப்பின் வழிவந்தவை. அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் கொடுக்கப்பட்ட அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் வகுத்த விதியே இதன் அடிப்படை. என்ஜினால் சுழலும் பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. கட்டுப்பாட்டு வால்வு அதற்கு வழிவிடுகிறது. சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனை அந்த எண்ணெய் நகர்த்த, தூக்குகைகள் மேலெழுகின்றன. அழுத்தம் ஓர் எல்லையைக் கடந்தால் எண்ணெயைத் திருப்பிவிட்டுக் குழாயும் பம்ப்பும் உடையாமல் காக்கும் வால்வு ‘ரிலீஃப் வால்வு’ எனப்படும். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 44 சதுர சென்டிமீட்டர் ஆதலால், 180 பார் அழுத்தத்தில் அது ஏறத்தாழ 8 டன் விசையைத் தருகிறது; நெம்புகைகள் வழியே கலப்பையைச் சென்றடையும்போது, நகரும் தொலைவு கூடுவதற்கு ஈடாக அந்த விசை குறைந்துவிடுகிறது. ‘பார்’ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை அழுத்துவதற்கு நிகரான அலகு.

இவ்வமைப்பைப் பற்றிய ஒரு நுட்பம் பின்வரும் வாதம் முழுவதற்கும் அடிப்படையாகிறது. பம்ப் தருவது ஓட்டம் மட்டுமே. அழுத்தம் எதிர்ப்பினால் பிறக்கிறது. தூக்குவதற்குச் சுமை இல்லாதபோது தேய்ந்த பம்ப்பும் புதிய பம்ப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இயங்கும். அமைச்சரைத் தேர்ந்தெடுப்பதற்குரிய திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம், ஒருவரை அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கின் நெருக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று கருதுவதற்கும், எண்ணெயின் வழியைச் சற்றே அடைத்துப் பார்க்காமல் பம்ப்பின் இயல்பு தெரியாது என்பதற்கும் காரணம் ஒன்றே. அந்த அதிகாரத்துக்கு முன்னுரை எழுதும் பரிமேலழகர், இத்தேர்வைக் காட்சி, கருத்து, ஆகமம் என்னும் அளவைகளால் ஆராய்ந்து செய்ய வேண்டும் என்று குறிப்பிடுவது கருதத்தக்கது. அறிவுநூலின் கலைச்சொற்களை ஆட்சியியலுக்குக் கொண்டுவந்தவர் அவர். அச்சொற்களைப் பட்டறைக்குக் கொண்டுவருவதும் அதே வழியில் இன்னும் ஓர் அடி செல்வதேயாகும்.

மூன்று அளவைகளும் பட்டறையும்

அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் தேவாரம் பெற்ற தலங்களாக விளங்கும் இவ்வட்டாரத்துக்குச் சைவ சித்தாந்தம் அயலானதன்று. அம்மரபின் பெருநூல்களில் ஒன்றான சிவஞான சித்தியார், 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாசாரியாரால் இயற்றப்பட்டது. இறைவன், உயிர், பாசம் என்னும் முப்பொருளை நிறுவுவதற்கு முன்னால், எதைக் கொண்டு நிறுவுவது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு அளவைகளை அது ஆராய்கிறது. பத்து அளவைகள் வரை கூறுவோர் உண்டென்று சுட்டி, அவையாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடங்கும் என்று முடிக்கிறது. காண்டல் புலன்களால் நேரே அறிவது. கருதல் அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாத ஒன்றை உய்த்துணர்வது. உரை நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது.

கலப்பை தூக்கவில்லை என்று ஒரு டிராக்டர் பட்டறைக்கு வரும்போது இம்மூன்றும் அங்கே கூடுகின்றன. அளவுக்கோலை உருவி எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பதும், எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்ததாகவும் நுரைத்திருந்தால் காற்று புகுந்ததாகவும் கொள்வதும் காண்டலிலிருந்து கருதலுக்குச் செல்லும் முதற்படிகள். தயாரிப்பாளரின் கையேடு தரும் ரிலீஃப் அழுத்தமும், மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955 முதல் இயங்கிவரும் மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் போன்றவை வெளியிடும் சோதனை அறிக்கைகளும் உரையளவை. ஆனால் உரையையும் பொருள் தெரிந்தே கொள்ள வேண்டும். இணைப்பு முனைகளில் அளந்த தூக்குதிறனும், அம்முனைகளுக்கு 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்த தூக்குதிறனும் ஒரே டிராக்டருக்கு வெவ்வேறு எண்களாக வரும். எங்கே அளந்தது என்று கேளாமல் பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்பவர், உண்மையான சொல்லிலிருந்தே பொய்யான அறிவைப் பெறுகிறார்.

மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, அளவைவாதியின் வாயிலாக அளவைகளோடு அளவைக்கு நேரும் குற்றங்களையும் எடுத்துரைக்கிறது. அவற்றுள் சில பட்டறைக்கென்றே சொல்லப்பட்டவைபோல் பொருந்துகின்றன. ஒன்றை வேறொன்றாகக் கொள்வது திரியக்கோடல். இதுவோ அதுவோ என்று நிற்பது ஐயம். ஆராயாமலேயே முடிவுக்கு வந்துவிடுவது தேராது தெளிதல். இவற்றுள் ஐயத்தினால் விவசாயிக்கு நேரும் இழப்பு ஒரு நாள் தாமதம். தேராது தெளிதலினால் நேரும் இழப்போ ஒரு பம்ப்பின் விலை. கலப்பை தூக்கவில்லை என்றதும் பம்ப் போய்விட்டது என்று கழற்றிப் புதியதைப் பொருத்தி, பிறகும் தூக்காமையால் சிலிண்டரின் ஓரிங்கை மாற்றி, கடைசியில் உறிஞ்சுகுழாயின் சல்லடை அடைபட்டிருந்ததைக் கண்டுபிடிப்பது இக்குற்றத்தின் முழு வடிவம். ‘இந்த மாடல் வண்டி என்றால் பம்ப்தான் முதலில் போகும்’ என்பது போல யார் சொன்னது என்று தெரியாமல் பட்டறைதோறும் வழங்கும் பேச்சு, பத்து அளவைகளுள் ஒன்றாக எண்ணப்பட்ட ஐதிகத்தைச் சேரும். இந்த ஆலமரத்தில் பேய் உண்டு என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருவது அதற்குரிய பழைய எடுத்துக்காட்டு.

எவ்வளவு விலைக்கு எவ்வளவு அறிவு

தூக்கும் அமைப்பின் குறைகள் மூன்று வகையாகப் பிரிகின்றன. சுமையைத் தூக்கவே முடியாதது அழுத்தக் குறை. தூக்கினாலும் மிக மெதுவாகத் தூக்குவது ஓட்டக் குறை. தூக்கியதை நிறுத்தி வைக்க முடியாமல் தானே இறங்குவது கசிவுக் குறை. விசை அழுத்தத்தைப் பொறுத்தது, வேகம் ஓட்டத்தைப் பொறுத்தது என்ற ஒரே வரி விதியிலிருந்து இப்பாகுபாடு பிறக்கிறது. கருவியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது இம்மூன்றில் எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதையே. கேள்வி தெளிவாகாதபோது விலையுயர்ந்த கருவியும் வீண்.

கசிவுக் குறையை அறியச் செலவே தேவையில்லை. கலப்பையின் மேல் தெரிந்த எடையை ஏற்றி, முழு உயரத்துக்குத் தூக்கி, என்ஜினை நிறுத்திவிட்டு, குறித்த நிமிடங்களில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று ஓர் அடிக்கோலால் அளந்தால் போதும். வெளியே ஒரு சொட்டு எண்ணெயும் சிந்தாமல் சுமை மட்டும் இறங்குமானால், கசிவு உள்ளேதான் இருக்க வேண்டும். பகலில் உண்ணாத ஒருவன் பருத்திருக்கக் கண்டால் அவன் இரவில் உண்கிறான் என்று கொள்ள வேண்டும் என மீமாஞ்சகர் விளக்கும் அருத்தாபத்தி, அதாவது கண்ட ஒன்று பொருந்துவதற்காகக் காணாத ஒன்றை ஏற்றுக்கொள்ளும் அளவை, இங்கே எழுத்துப் பிசகாமல் செயல்படுகிறது.

அழுத்தக் குறையை அறிய அழுத்தமானி, அதாவது பட்டறையில் ‘கேஜ்’ என்று வழங்கும் கருவி வேண்டும். பாரிஸ் நகரத்துப் பொறியாளர் யூஜீன் பூர்டோன் 1849-இல் காப்புரிமை பெற்ற வடிவமே இன்றும் பெரும்பாலான கேஜ்களில் உள்ளது. வளைந்த உலோகக் குழாய் ஒன்று உள்ளே அழுத்தம் ஏறும்போது நிமிர முயல்கிறது. அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெருக்கி முள்ளைச் சுழற்றுகிறது. கேஜில் அழுத்தத்தைப் ‘பார்ப்பதாக’ எல்லாரும் சொன்னாலும், உண்மையில் கண்ணுக்குத் தெரிவது முள்ளின் அசைவே. அழுத்தம், காரியத்தைக் கொண்டு காரணத்தை உய்த்தறியும் கருதலால் பெறப்படுவது. ஆகவே கேஜை நம்புவது என்பது அதன் குழாய்க்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள தொடர்பு மாறாதிருப்பதை நம்புவதாகும்.

கேஜ் வாங்கும்போது விலைச்சீட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை அதன் வீச்சும் துல்லிய வகுப்பும். 1.6 என்ற வகுப்பு, முழு வீச்சில் நூற்றுக்கு 1.6 பங்கு வரை பிழை இருக்கலாம் என்பதைக் குறிக்கிறது. 250 பார் வரை காட்டும் கேஜில் அப்பிழை 4 பார். 400 பார் கேஜில் 6.4 பார்; 600 பார் கேஜில் 9.6 பார். சிறிய, நடுத்தர டிராக்டர்களின் ரிலீஃப் அழுத்தம் பொதுவாக 150 முதல் 200 பார் வரை அமைவதால், அதிக வீச்சு கொண்டது அதிகம் பயன்படும் என்று எண்ணி 600 பார் கேஜை வாங்குபவர், அதே விலைக்குக் குறைந்த அறிவை வாங்குகிறார். எதிர்பார்க்கும் அழுத்தம் வீச்சின் பாதிக்கும் முக்காலுக்கும் இடையே விழுமாறு தேர்ந்தெடுப்பது நல்ல வழக்கம். திடீர் அழுத்த அதிர்வுகள் மிகுந்த வண்டிகளுக்கு 400 பார் கேஜ் பாதுகாப்பானது. முள் நடுங்காமலிருக்கக் கிளிசரின் நிரப்பிய கேஜ், நெருங்கிய விலையில், நெடுநாள் உழைக்கும். டிப்பர் டிரெய்லருக்காக டிராக்டரில் உள்ள வெளி இணைப்பில் இதைப் பொருத்தி, எண்ணெயை 50 பாகை செல்சியசுக்குக் குறையாமல் சூடாக்கி, நெம்பை இழுத்து, ரிலீஃப் வால்வு திறக்கும் கணத்தில் முள்ளைப் படித்து, சில நொடிகளில் விட்டுவிட வேண்டும். எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கும்போது அது தேய்ந்த பம்ப்பின் இடைவெளிகளில் எளிதில் கசியாது. காலைக் குளிரில் செய்த சோதனை, நோயுற்ற பம்ப்பை நலமுள்ளதாகக் காட்டும் திரிபாகிவிடும்.

இனி, கேஜ் எதைக் காணாது என்பதையும் அறிய வேண்டும். எண்ணெயின் வழியை முழுவதும் அடைத்துவிட்டால், சிறிதளவே தள்ளும் தேய்ந்த பம்ப்பும் மெல்ல மெல்ல முழு அழுத்தத்தை எட்டிவிடக்கூடும். முள் 180 என்று காட்டும், கலப்பையோ ஆமைபோல் ஏறும். ஓட்டத்தை அறியச் சந்தையில் கிடைக்கும் ஹைட்ராலிக் டெஸ்டர், கேஜ், ஓட்டமானி, வெப்பமானி, சுமையேற்றும் வால்வு ஆகியவற்றை ஒரே பெட்டியில் கொண்டது; அதன் விலை சிறு பட்டறையின் கைக்கு எட்டுவதில்லை. ஆனால் அதே கேஜுக்குப் பின்னால் ஓர் ஊசி வால்வையும், அதிலிருந்து அளவுக்குறியிட்ட ஒரு கேனுக்குச் செல்லும் ஓஸ் குழாயையும் சேர்த்து, கைப்பேசியின் நொடிக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டால், ஏறக்குறைய அதே கேள்விக்கு விடை கிடைத்துவிடும். வால்வை முழுதும் திறந்து 15 நொடியில் 5 லிட்டர் வந்தால் ஓட்டம் நிமிடத்துக்கு 20 லிட்டர். வால்வை ஒடுக்கி அழுத்தத்தை 140 பாருக்கு ஏற்றியபின் அதே 15 நொடியில் 3 லிட்டர் மட்டுமே வந்தால், ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெய் உள்ளேயே வழிதவறுகிறது. இந்தச் சோதனையில் ஓட்டம் குறையாதிருந்தால் பம்ப், ரிலீஃப் வால்வு, அதுவரையுள்ள வழி ஆகிய எல்லாம் குற்றமற்றவை என்றாகி, எஞ்சிய சிலிண்டரின் மேல் முடிவு விழுகிறது. ஒன்றொன்றாக நீக்கி எஞ்சியதைக் கொள்ளும் இம்முறையை அளவைநூலார் ஒழிபு என்பர்.

ஓட்டம் குறைந்திருந்தால், குற்றம் பம்ப்பிலா வால்விலா என்பதை இந்த எளிய ஏற்பாடு பிரித்துச் சொல்லாது. பிரிக்க வேண்டுமானால் பம்ப்பின் வாயிலேயே கருவியைப் பொருத்த வேண்டும். அங்கே ரிலீஃப் வால்வின் காவல் இல்லாமையால் ஊசி வால்வைச் சற்று அதிகமாக அடைத்தாலும் குழாயோ பம்ப்போ வெடிக்கும். அத்தகைய இடத்துக்கே, மிகை அழுத்தத்தில் தானே கிழிந்து வழிவிடும் காப்புத்தகடு உள்ள டெஸ்டர் உரியது. பத்துப் பட்டறைகள் கூடியோ ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவோ அப்படி ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்வது பொருந்தும். சிக்கனத்துக்கு இடமே இல்லாத மற்றோரிடம் ஓஸ் குழாயும் இணைப்புகளும் ஆகும். தண்ணீர்க் குழாய்க்கான ‘டீ’யையும் கிளிப்பையும் 180 பார் எண்ணெய்க்குப் பயன்படுத்துவது உயிரைப் பணயம் வைப்பது. ஊசிமுனைத் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலுக்குள் புகவல்லது. கசிவைக் கையால் தடவிப் பார்க்காமல் அட்டையை நீட்டிப் பார்ப்பதே முறை. அறிவைத் தேடும் செயல் அறிபவரையே அழிக்குமானால், அங்கே மலிவு என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

தன்பொருட்டும் பிறர்பொருட்டும்

இதுவரை கூறியவற்றைக் கேட்கும் அனுபவமிக்க மெக்கானிக் ஒருவர் நியாயமான தடை ஒன்றை எழுப்பக்கூடும். பம்ப்பின் ஓசை மாறுவதைக் காதாலும், வால்வு உறையின் சூட்டைப் புறங்கையாலும், நெம்பின் எதிர்ப்பை விரல்களாலும் உணர்ந்து, கேஜ் பொருத்தும் நேரத்துக்குள் பழுதைச் சொல்லிவிடும் ஒருவருக்கு இக்கருவிகள் எதற்கு? இத்தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் ஓசைக்கும் பழுதுக்கும் இடையிலுள்ள உடனிகழ்ச்சியை, அதாவது ஒன்று உள்ள இடத்தில் மற்றொன்று தவறாமல் இருக்கும் தொடர்பை, ஆயிரம் வண்டிகளில் கண்டு தேறியவரின் கருதல், புகையைக் கொண்டு நெருப்பை அறிவதற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

இத்தடைக்கு விடை சித்தியாரின் பாகுபாட்டிலேயே இருக்கிறது. கருதல் அங்கே தன்பொருட்டு அனுமானம் என்றும் பிறர்பொருட்டு அனுமானம் என்றும் இரண்டாக வகுக்கப்படுகிறது. தானே அறிந்து தெளிவதற்கு உரியது முன்னது. தான் தெளிந்ததை மற்றொருவருக்கு ஏதுவும் எடுத்துக்காட்டும் தந்து நிறுவுவது பின்னது. மெக்கானிக்கின் காது தன்பொருட்டு அனுமானத்துக்குப் போதுமானது. ஆனால் அவர் பழுதுபார்ப்பது தம் பணத்தில் அன்று. பம்ப் மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லும்போது அதற்கான தொகையைக் கொடுப்பவர், அந்தக் காது கேட்டதைக் கேட்க இயலாத விவசாயி. அறிபவர் ஒருவராகவும் அவ்வறிவின் விலையைக் கொடுப்பவர் மற்றொருவராகவும் இருக்கும் இடமெல்லாம், தன்பொருட்டு அனுமானம் எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் அறத்தின் பாதியை மட்டுமே நிறைவேற்றுகிறது. கேஜின் முள்ளோ இருவர் கண்ணுக்கும் ஒருங்கே தெரிகிறது. கையேட்டில் 180 என்று அச்சிட்டிருப்பதையும் முள் 95-இல் நின்றுவிடுவதையும் எழுத்தறிந்த எவரும் ஒப்பிடலாம். சில ஆயிரம் ரூபாய்க்குள் அமையும் இக்கருவியின் தலையாய பயன், மெக்கானிக்குக்குத் தெரியாததைத் தெரிவிப்பதைவிட, அவருக்குத் தெரிந்ததைப் பிறர்பொருட்டு ஆக்குவதில்தான் இருக்கிறது.

திருப்பூர் இவ்வுண்மையைத் தன் தொழிலில் என்றோ கற்றுக்கொண்டது. துணியைக் கையால் தடவிப் பார்த்தே அதன் கனத்தைச் சொல்லும் மாஸ்டர்கள் அங்கே உண்டு. ஆயினும் வாங்குபவரும் கொடுப்பவரும் வழக்கில்லாமல் பிரிவதற்கு, 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாகத் துணியை வெட்டித் தராசிலிட்டு, வந்த கிராமை நூறால் பெருக்கிப் பெறும் ‘ஜிஎஸ்எம்’ என்ற எண்ணே பொதுச்சொல். ஒரு விளக்கொளியில் ஒன்றாகத் தோன்றும் இரு சாயங்கள் மற்றொரு விளக்கொளியில் வேறாகத் தோன்றுவதால், நிறத்தைப் பற்றிய வழக்கைத் தீர்க்கக் குறித்த ஒளி கொண்ட பெட்டி தேவைப்படுகிறது; காண்டலும்கூட இன்ன நிலையில் கண்டது என்று சொன்னால்தான் பிறருக்கு அளவையாகும் என்பதை அந்தப் பெட்டி உணர்த்துகிறது.

இன்னும் ஆழமான சான்று நொய்யலாற்றில் உள்ளது. சாயக்கழிவு கலந்த நீர் கரிக்கிறது என்பதை ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள் நாவாலும், பயிர் கருகுவதைக் கண்ணாலும் பல்லாண்டுகள் அறிந்திருந்தனர். அந்த அறிவில் ஐயமுமில்லை, திரிபுமில்லை. ஆனால் அது தன்பொருட்டு அறிவாகவே நின்றது. நீரில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது என்னும் வரம்போடு ஒப்பிட்டுக் காட்டத்தக்க எண்ணாக அது மாறியபோதுதான் நீதிமன்றத்தில் பேசும் வலிமை பெற்றது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அளவை இல்லாதவரின் துயரம் உண்மையாக இருந்தாலும் வழக்கில் ஏறுவதில்லை என்பது அவ்வாறு உணரப்பட்டது. அதே விவசாயி டிராக்டர் பட்டறையின் முன் நிற்கும்போது, தம் பணத்தைச் செலவிடச் சொல்லும் தீர்ப்புக்கு ஓர் எண்ணைக் கேட்பது அவருடைய உரிமையாகிறது.

எண்ணின் செருக்கு

எண்ணுக்கு இவ்வளவு இடம் கொடுப்பதில் ஓர் இடரும் உண்டு. கீழே விழுந்து முள் நகர்ந்துவிட்ட கேஜ், பொய்ச்சாட்சியாக மாறும். சொல்லை ஐயுறும் மனம் எண்ணை ஐயுறுவதில்லை ஆதலால், கேஜின் பொய் மனிதனின் பொய்யைவிட எளிதில் நம்பப்படும். தான் முதலில் சமனாக நின்று, பின்னரே தன்மேல் வைத்த பொருளைச் சீர்தூக்கும் துலாக்கோலைச் சான்றோருக்கு உவமையாக்கிய திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் சுட்டும் வரிசைமுறை இங்கே இன்றியமையாதது. அழுத்தம் இல்லாதபோது முள் சுழியத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பதும், பட்டறையில் பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்த இரண்டாவது கேஜோடு மாதம் ஒருமுறை ஒப்பிடுவதும், அந்த இரண்டாவது கேஜை ஆண்டுக்கொருமுறை ஏற்புரிமை பெற்ற அளவுத்திருத்தச் சோதனைக்கூடத்தில் சரிபார்ப்பதும் துலாக்கோலின் அறத்தைக் கருவிக்குக் கற்பிக்கும் வழிகளாகும். திருத்தம் பார்க்கப்படாத விலையுயர்ந்த டெஸ்டரைவிட, திருத்தம் பார்க்கப்பட்ட எளிய கேஜ் மேலான அளவை.

கருவி என்ற சொல்லும் சித்தாந்தத்தில் ஆழ்ந்த பொருளுடையது. உயிரோடு பொருந்தி நிற்கும் முப்பத்தாறு தத்துவங்களும் கருவிகள் எனப்படும். கண் பிறவற்றைக் காணும், தன்னைக் காணாது. அது காண்பதும் உயிர் அதனோடு நின்று செலுத்தும்போதே. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு மாயையின் காரியமான இக்கருவிகள் ஞாயிறு எழும்வரை உதவும் விளக்குப் போன்றவை என்று அம்மரபு விளக்குகிறது. விளக்கின் ஒளி சிறிது என்பது அதற்குக் குறையாகாது. விளக்கைப் பகலென்று கொள்வதே மயக்கம். குறைந்த விலைக் கருவியைப் பற்றிய நிலையும் இதுவே. 4 பார் பிழையுள்ள கேஜை, அப்பிழையை அறிந்தே பயன்படுத்துபவர் 180-க்கும் 95-க்கும் உள்ள வேறுபாட்டை ஐயமின்றி அறிகிறார். 180-க்கும் 178-க்கும் உள்ள வேறுபாட்டை அதைக் கொண்டு பேசத் தொடங்குபவர், அறியாததை அறிந்ததாகக் கொள்கிறார். வேண்டிய முடிவுக்குப் போதுமான துல்லியத்தோடு நிறுத்திக்கொள்வதும் அறிவின் பகுதியே.

ஆகவே, எவ்வளவு அறிந்தபின் செயலில் இறங்குவது என்ற வினாவுக்குப் பட்டறை தரும் விடை, அடுத்து மாற்றப்போகும் உறுப்பின் மேல் குற்றம் உண்டென்று, அதற்குப் பணம் கொடுப்பவரும் படித்துணரும் அளவுக்கு என்பதாகும். அடிக்கோல், கேஜ், ஊசி வால்வு, கேன், நொடிக்கடிகாரம் ஆகியவற்றோடு, இந்த வட்டாரத்து வண்டிகளுக்கேற்ற நான்கைந்து அடாப்டர்களும் தரமான ஓஸ் குழாயும் அமைந்த ஒரு பெட்டி அந்த அளவைப் பெரும்பாலும் நிறைவேற்றிவிடும். அதனோடு சேரவேண்டிய கடைசிக் கருவிக்கு விலையே இல்லை. அது பில்லின் பின்புறத்தில் தேதி, எண்ணெயின் சூடு, என்ஜின் சுற்று, ரிலீஃப் அழுத்தம், 15 நொடியில் வந்த லிட்டர் ஆகிய ஐந்தையும் எழுதித் தரும் பேனா. அவ்வாறு எழுதப்பட்டவுடன் காண்டலும் கருதலுமாக ஒரு பட்டறையில் பிறந்த அறிவு உரையளவையாகிவிடுகிறது. அடுத்த ஆனி ஆடியில் அதே வண்டி வேறொரு மெக்கானிக்கின் முன் நிற்கும்போது, முன்பின் அறியாத ஒருவர் விட்டுச்சென்ற நம்பத்தக்க சொல்லாக அது அவர் கைக்கு வந்து சேர்கிறது.